பிறை பிறையாக முளைத்த சோளம்

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. ஊரில் எல்லார் மீதும் பொறாமைப்பட எனக்கு நேரம் கிடையாது. ஒரே ஒரு ஆள் மீதுதான். அவன் என் சகலை தேவா. என் மனைவி மல்லிகாவின் தங்கையைக் கட்டியவன்.

தேவாவும் என்னைப் போல ஐந்தாவது வரைதான் படித்தவன். ஆனால் எந்த ஆபீசுக்குள் நுழைந்தாலும் அவனுக்கு நாற்காலி போடுவார்கள். நான் போனால், "பெருக்க வந்தீங்களா?" என்று கேட்பார்கள். அம்பத்தூரில் ஒரு பட்டறையில் இருபது வருடமாக வேலை பார்க்கிறேன். முதலாளிக்கு இன்னும் என் குரல் எப்படி இருக்கும் என்று தெரியாது. அவ்வளவு கூச்சம். என் வீட்டு மாடுகள்கூட தேவா வந்தால் அவன் கையை நக்கும். (தீனி வைப்பவன் நான்!)

எங்கள் மாமனாருக்கு ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகிற வழியில் கொஞ்சம் புல்வெளி இருந்தது. சுற்றிலும் அடுக்குமாடி வந்துவிட்டது. அவர் மட்டும் விற்கவில்லை. பல வருடமாக ஏர் படாமல் புல் மண்டிக் கிடந்த நிலம். அவரிடம் ஒரு சிவப்புப் பசுவும் இருந்தது. முதல் சினை. நெற்றியில் வெள்ளைப் பொட்டு. அந்த மாட்டை நான் கன்றுக்குட்டியாக இருந்ததிலிருந்தே மனதுக்குள் என் தொழுவத்தில் கட்டி வைத்திருந்தேன்.

மாமனாருக்கு முழங்கால் போனது. ஒருநாள் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"என்னால இனிமே மாடு பாக்க முடியாது. நெலத்தை நடுவுல கல்லு நட்டு ரெண்டாப் பிரிச்சுக் குடுக்கறேன். ஆளுக்குப் பாதி. எவன் நெலத்துல நல்லா தீவனம் வளக்கறானோ, செவப்பி அவன் ஊட்டுக்கு."

தேவா அடுத்த வாரமே வேலையில் இறங்கிவிட்டான். எங்கேயோ போய், யாரிடமோ பேசி, உழாமலே விதைக்கிற மெஷின் ஒன்றை டிராக்டரோடு வாடகைக்குப் பிடித்து வந்தான். பழைய புல்லைக் கிளறாமல், மண்ணைக் கத்தியால் கீறினது போலக் கீறி, அந்தக் கீறலுக்குள் தீவனச் சோளத்தைப் போட்டுக்கொண்டே போகும் மெஷின் அது. டிராக்டருக்குப் பின்னால் விதைப்பெட்டி. அதன் பின்னால் ஒரு பலகை. பலகையில் ஓர் ஆள் நின்று, பெட்டியில் இருக்கிற இரும்புப் பிடியை ஒரு பக்கம் தள்ளினால் விதை விழும். மறுபக்கம் தள்ளினால் நிற்கும். நிலத்துக்குள் போகும்போது திறக்க வேண்டும், ஓரத்தில் திரும்பும்போது மூட வேண்டும். அவ்வளவுதான் வித்தை.

இதை நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்று கேட்கிறீர்களா? அவனிடம் போய்க் கேட்டிருக்கலாம். "வா அண்ணே" என்று பலகையில் ஏற்றிவிட்டே காட்டியிருப்பான். அப்படிப்பட்டவன்தான் அவன். அதுதான் எனக்கு எரிச்சல். அதனால் வேலிக்காத்தான் புதருக்குப் பின்னால் குந்திக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். முள் குத்திய இடத்தை இங்கே எழுத முடியாது.

தேவா பலகையில் ராஜா மாதிரி நின்றபடி, என்னை நோக்கி வந்துகொண்டிருந்தான். பிடி எந்தப் பக்கம் போகிறது என்று கவனித்தேன். நிலத்துக்குள் வரும்போது என் வலது கைப் பக்கம். திரும்பும்போது என் இடது கைப் பக்கம். மறந்துவிடக் கூடாதே என்று வழியெல்லாம் "வலது திற, இடது மூடு" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். ராத்திரி சாப்பாட்டில்கூடச் சொன்னேன்.

"இன்னாத்த மூடச் சொல்ற?" என்றாள் மல்லிகா. "தேவாகிட்ட ஒரு வார்த்தை கேட்டா கொறஞ்சா பூடுவ?"

கேட்கவில்லை.

நான் மெஷினைப் பிடிப்பதற்குள் இரண்டு வாரம் ஓடிவிட்டது. அதற்குள் தேவாவின் பாதியில் கோடு கோடாகப் பச்சை எட்டிப் பார்த்தது. விதைப்பதற்கு முன்னால் ஊர் எருமைகளையெல்லாம் விட்டுப் புல்லைத் தரையோடு மேயவிட்டிருக்கிறான். அதையும் நான் பார்க்கவில்லை. புதருக்குப் பின்னால் போனது விதைத்த அன்று மட்டும்தானே. என் பாதியில் புல் முழங்கால் உயரம். பரவாயில்லை, விதை பார்த்துக்கொள்ளும் என்று இறங்கிவிட்டேன்.

டிராக்டர் ஓட்டி வந்தவர் நல்ல மனிதர். "அண்ணாத்தே, பிடி எந்தப் பக்கம்னு தெரியுமா? ஒருதபா காட்டவா?" என்றார்.

கல்லுக்கு அந்தப் பக்கம் தேவா நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் எதிரில் பாடம் கேட்பதா?

"அதெல்லாம் எனக்குத் தெரியும்பா. நீ வண்டியை எடு."

என் வாழ்நாளில் ஒரு வெளி ஆளிடம் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

பலகையில் ஏறினேன். வலது திற, இடது மூடு. என் நிலத்தின் ஒரு முனையில் அடுக்குமாடியின் காம்பவுண்டுச் சுவரும் ஜல்லியும். மறுமுனையில் தேவாவின் நிலம். வண்டி திரும்ப வேண்டும் என்பதற்காகத் தன் பக்கத்தில் கொஞ்சம் இடத்தை விதைக்காமல் விட்டு வைத்திருந்தான். (எனக்காகத்தான் விட்டானாம். பின்னால் தெரிந்தது. அப்போது தெரிந்திருந்தால் இன்னும் எரிந்திருக்கும்.) ஒவ்வொரு முறை அங்கே திரும்பும்போதும் அவன் முகத்தையே பார்த்தேன். பொறாமைப்படுகிறானா? படவில்லை. கையை ஆட்டினான். நான் கீழே பார்க்கவே இல்லை. பார்த்திருந்தாலும் அந்த உயரப் புல்லுக்குள் விதை விழுகிறதா என்று தெரிந்திருக்காது.

முடிக்கும்போது பெட்டி முக்கால்வாசி காலி. எனக்கு மார்பு விரிந்தது. காம்பவுண்டு ஓரத்தில் அடுக்குமாடிப் புறாக்கள் கூட்டமாக இறங்கியதைக்கூட எனக்கான வரவேற்பு என்றுதான் எடுத்துக்கொண்டேன். அன்று சாயங்காலமே மழை. வானமே என் பக்கம் என்று நினைத்துக்கொண்டேன். தொழுவத்தில் செவப்பிக்கு முளைக்குச்சிகூட அடித்து வைத்தேன்.

சில வாரம் கழித்து மாமனார் தடியை ஊன்றிக்கொண்டு தீர்ப்புச் சொல்ல வந்தார். பின்னால் குடும்பமே வந்தது.

"இன்னா மாப்ள, உன் பக்கத்துல இன்னா கீது?"

"புல்லு கீது மாமா."

"அது நான் பொறந்ததுலேர்ந்து கீது. சோளம் எங்க?"

"ஆழமா வெதச்சேன் மாமா. கொஞ்சம் லேட்டா வரும்."

மாமனார் கல்லைத் தாண்டி தேவாவின் பக்கம் போனார். அங்கே கோடு கோடாகச் சோளம் இடுப்பு உயரம் நின்றது. அதைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே திரும்பியவர், எல்லைக் கல்லோரம் நின்றுவிட்டார். அங்கே கை நுழையாத அளவுக்கு நெருக்கமாகச் சோளம் முளைத்திருந்தது.

"இது இன்னாடா? இவ்ளோ அடர்த்தியா போட்ட?"

தேவா தலையைச் சொறிந்தான். "அதான் எனக்கும் புரியல மாமா. நான் இங்க வெதைக்கவே இல்ல. வண்டி திரும்பட்டும்னு சும்மா வுட்ட எடம்."

மாமனார் தடியால் அந்தச் சோளத்தின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டே நடந்தார். தடி வளைந்து போய் வளைந்து வந்தது. ஒரு அரை வட்டம். பக்கத்தில் இன்னொரு அரை வட்டம். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. எல்லைக் கல்லோரம் முழுக்கப் பிறை பிறையாகச் சோளம். ஒரு டிராக்டர் எப்படித் திரும்புமோ, அச்சு அசலாக அப்படி.

என் கை தானாக உயர்ந்தது. வலது... இடது... அவன் என்னை நோக்கியல்லவா வந்துகொண்டிருந்தான்! என் வலது கைப் பக்கம் என்றால் அவனுக்கு இடது கைப் பக்கம். நான் நிலத்துக்குள் போகும்போதெல்லாம் மூடிவிட்டு, திரும்பும்போதெல்லாம் திறந்துவிட்டிருக்கிறேன். பாதி விதை தேவாவுக்கு. மீதிப் பாதி காம்பவுண்டு ஓரத்து ஜல்லியில். அன்று அடுக்குமாடிப் புறாக்கள் அத்தனையும் ஏன் இறங்கி வந்தன என்பதும் அப்போதுதான் புரிந்தது.

மல்லிகாதான் முதலில் சிரித்தாள். கட்டிய மனைவி! பிறகு அவள் தங்கை. பிறகு முழங்கால் வலிக்கிற மாமனார் தடியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துத் தீர்ப்பு சொன்னார்:

"அவன் வெதச்சது அவனுக்கு. நீ வெதச்சதும் அவனுக்கு. அப்புறம் மாட்டை மட்டும் உனக்குக் குடுத்தா அது எங்கடா நியாயம்?"

செவப்பி தேவா வீட்டுக்குப் போனாள். சோளம் பூ எடுத்ததும் அந்தப் பிறைகளைத்தான் முதலில் அறுத்துப் போட்டானாம். "அண்ணன் சோளம்னா விரும்பித் தின்னுது" என்று வந்து சொன்னான். கன்று போட்ட அன்று, சீம்பாலைக் காய்ச்சி, வெல்லம் போட்டு, வாளியோடு அவனே எடுத்து வந்தான். நல்ல ருசி. இரண்டு டம்ளர் குடித்தேன். ஒவ்வொரு வாய்க்கும் வயிறு எரிந்தது. எனக்கு மாடு கிடைத்திருந்தால் அவனுக்கு நான் சீம்பால் கொடுத்திருப்பேனா? யோசித்துப் பார்த்தேன். மூன்றாவது டம்ளரை வாங்கிக்கொண்டு யோசனையை நிறுத்திவிட்டேன்.

எங்கள் வீட்டு முளைக்குச்சியில் இப்போது துணி காய்கிறது. எங்கள் குடும்பத்துக் கல்யாணங்களில் நான் சாம்பார் வாளியைத் தூக்கினால் போதும், பந்தியே கத்தும்:

"அண்ணாத்தே! இந்தப் பக்கம் தேவா இலை கீது. நீ ஊத்துனா அங்கதான் வுழும், பாத்து!"

தேவா மட்டும் சிரித்துக்கொண்டே இலையில் இன்னும் கொஞ்சம் சோற்றை ஒதுக்கி, நடுவில் குழி செய்து வைப்பான்.