தாலியும் ராஜமாதாவின் விளக்கும்

டிவியில் ஓடுவதைச் சும்மா பார்த்துவிட்டு எழுந்து போகிறவர்கள் புண்ணியம் செய்தவர்கள். நான் அந்த ரகம் இல்லை. ஒரு காட்சியில் ஜன்னல் திறந்திருந்தால் அது ஏன் திறந்திருக்கிறது என்று யோசித்து, யோசித்ததை நாலு பேரிடம் சொல்லி, அவர்கள் ஒப்புக்கொள்ளும்வரை காபியை ஆறவிடுகிற ரகம். (புழுக்கமாக இருந்திருக்கும், திறந்திருப்பார்கள் என்பார் அப்பா. அவருக்கு ரசனை போதாது என்பது அப்போது என் கட்சி.)

தொண்ணூறுகளின் கடைசி. தொம்மலூரில் எங்கள் வீடு, எலெக்ட்ரானிக் சிட்டியில் எனக்குப் புது வேலை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒரு சரித்திரத் தொடர் வந்துகொண்டிருந்தது. ஒரு குட்டிப் பாளையம், அதற்கொரு இளம் ராஜா, அவனுடைய புது மனைவி, இருவரையும் கட்டி மேய்க்கும் ராஜமாதா, நல்லவனா கெட்டவனா என்று பிடிகொடுக்காத ஒரு தளவாய். திங்கட்கிழமை மதியம் ஆபீஸ் கேன்டீனில் நாங்கள் சில தமிழர்கள் உட்கார்ந்து தொடரை அலசுவோம். சாம்பார் ஆறிப்போகும், கிளிக்கூண்டு எதைக் குறிக்கிறது என்பது மட்டும் சூடாகவே இருக்கும்.

அந்த மேஜையில் எனக்குப் பெயர் வாங்கித் தந்தது என் விளக்குக் கோட்பாடு. அரண்மனையில் ஒரு விளக்கு அணைந்தால், அதற்கு முந்தைய காட்சியில் யாரைக் காட்டினார்களோ அவர் காலி. கிழட்டு மந்திரி அப்படித்தான் போனார். ஒற்றன் போனான். பட்டத்து யானைகூடத் தப்பவில்லை.

அக்கா சுமதிக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. மல்லேஸ்வரத்துச் சம்பந்தம். தலைமுறைகளாக மாநில அரசு உத்தியோகம் பார்த்த தமிழ்க் குடும்பம், வீட்டில் பாதிப் பேச்சு கன்னடம். அக்காவின் மாமியாருக்கு நம்பிக்கைகள் இரண்டு. ஒன்று அந்தத் தொடர், இன்னொன்று சகுனம். கல்யாணம் முடிந்து கார் கிளம்பும்போது யாரோ தும்மினார்கள் என்று எல்லோரையும் இறக்கி, தண்ணீர் குடிக்கவைத்து, மறுபடி ஏற்றியவர். புது மருமகள் வந்த வேளை எப்படி என்பதை அவர் இன்னும் கணித்துக்கொண்டிருந்தார். அதனால் எங்கள் வீட்டில் எல்லோரும் அவர் முன்னால் தும்மலை விழுங்கினோம்.

தொடரின் கடைசிப் பகுதி வந்த ஞாயிறன்று எனக்கு ஆபீஸ் வேலை விழுந்துவிட்டது. நான் கலங்கவில்லை. விசிஆரில் டைமர் வைக்கத் தெரிந்த ஒரே ஆள் எங்கள் தெருவில் நான்தான் (என்று நானே சொல்லிக்கொண்டிருந்தேன்). புது கேசட் வாங்கினேன், டைமரை வைத்தேன், விசில் அடித்துக்கொண்டே கம்பெனி பஸ் ஏறினேன்.

அன்று சாயங்காலம் அக்கா, அத்தானோடு சம்பந்தி வீட்டார் கல்யாண கேசட் பார்க்க வந்தார்கள். வீடியோக்காரர் ஒரே ஒரு கேசட்தான் கொடுத்திருந்தார், பிரதிகள் பிறகு வருமாம். மல்லேஸ்வரத்தில் காலையில் கரண்ட் இல்லாததால் அவர்களும் கடைசிப் பகுதியைப் பார்க்கவில்லை என்று தெரிந்தது. எனக்குக் குஷி பிறந்துவிட்டது. போண்டா தட்டோடு உட்கார்ந்து விளக்குக் கோட்பாட்டை ஆரம்பித்தேன். தளவாய் துரோகி என்றேன். சம்பந்தியம்மா தலையசைத்து மறுத்தார். அவர் கணவரோ, தளவாய் செக்‌ஷன் ஆபீசர் மாதிரி, வேலை எல்லாம் அவன் செய்வான், கையெழுத்து மட்டும் வேறு ஒருத்தர் என்றார். விளக்கு விஷயத்தில் மட்டும் சம்பந்தியம்மா அசந்துபோனார்.

"ஹௌதா? அப்படியா? யானை கூடவா?"

"யானை கூட, அத்தை. இதுவரை ஒரு தடவையும் தப்பினதில்லை."

கல்யாண கேசட் எங்கே என்று அப்பா தேடினார். அது மெஷினுக்குள்ளேயே இருப்பதாக அம்மா சமையலறையிலிருந்து சொன்னாள். அம்மா தினமும் அதைப் போட்டுப் பார்ப்பாள். தாலி கட்டப்போகும் இடம் வந்ததும் கண் கலங்கும், அப்படியே நிறுத்திவிட்டு எழுந்துவிடுவாள். அப்பா ரீவைண்ட் பொத்தானை அழுத்தினார். மெஷின் கிர்ரென்று சுற்ற, அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி நான் யானையின் மரணத்தை விளக்கிக்கொண்டிருந்தேன்.

படம் ஓடியது. மாப்பிள்ளை அழைப்பு, ஊஞ்சல், முகூர்த்தப் புடவை. மணமேடையில் அத்தான் தாலியைக் கையில் எடுத்தார். அக்கா தலை குனிந்தாள். யாரோ கையை உயர்த்த, கெட்டிமேளம் கிளம்பியது. திரையில் கோடு கோடாக ஓடியது.

அரண்மனை. காற்று. விளக்கு அணைந்தது.

டிவி மேல் அம்மா விரித்திருந்த பூத்துணிக்கு அடியில் ஏதோ மின்னியது. காலையில் நான் வாங்கிய புது கேசட், கண்ணாடித் தாள்கூடப் பிரிக்காமல்.

யாரும் போண்டாவைத் தொடவில்லை. அக்கா கண் நிறைந்துவிட்டது. அம்மா பூஜை அறைக்குள் போய்விட்டாள். சம்பந்தியம்மா திரையையும் தன் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"விளக்குக்கு முன்னாடி யாரைக் காட்டினான்?" என்றார் மெதுவாக.

"காத்து அடிச்சா அணையும், அத்தை. அவ்வளவுதான்."

"யானை?"

"யானைக்கு வயசாயிடுச்சு, அத்தை."

"இவ்வளவு நேரம் அப்படியா சொன்னே?"

என் வாழ்நாளில் என் கருத்தை ஒருவர் இவ்வளவு முழுமையாக ஏற்றுக்கொண்டது அதுதான் முதல் தடவை. அதை உடைக்க நான் பட்ட பாடு! எண்ணெய் சரியில்லை என்றேன், திரி சரியில்லை என்றேன். அப்பா சொல்லும் ஜன்னல் நியாயத்தையே கடன் வாங்கினேன். சம்பந்தியம்மா ஒவ்வொன்றுக்கும் பழைய பகுதியிலிருந்து ஒரு காட்சியை எடுத்து நீட்டினார். என்னைவிடக் கவனமாகப் பார்த்திருக்கிறார்.

கடைசியில் அத்தான்தான் வாயைத் திறந்தார். "அம்மா, மீதியும் இதுல இருக்குமில்ல? யார் போறாங்கன்னு பார்த்துட்டா ஆயித்து."

பார்த்தோம். இளம் ராஜா போருக்குப் போனான். அவனைக் காட்டும்போதெல்லாம் அக்கா முந்தானையை இறுக்கிப் பிடித்தாள். ஒரு அம்பு அவன் காதோரம் போனபோது நான் எனக்குத் தெரிந்த எல்லாச் சாமிக்கும் வேண்டிக்கொண்டேன். சோப்பு விளம்பரத்தின்போதும் யாரும் மூச்சுவிடவில்லை. தளவாய் பாய்ந்து வந்து ராஜாவைக் காப்பாற்றினான். (சம்பந்தியம்மா அந்த நிலையிலும் என்னை ஒரு பார்வை பார்த்தார்.) ராஜா உயிரோடு திரும்பினான். கட்டிலில் படுத்திருந்த ராஜமாதா மருமகளை அருகில் கூப்பிட்டு, இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவள் கையில் வைத்து, கண்ணை மூடினார். அத்தோடு முடிந்தது.

நிம்மதியாகப் பெருமூச்சு விட்டவன், பாதியில் நிறுத்தினேன். போனது யார் என்று உறைத்தது.

சம்பந்தியம்மா குனிந்து தன் இடுப்பைப் பார்த்தார். அங்கே மல்லேஸ்வரத்து வீட்டின் சாவிக்கொத்து தொங்கியது.

"ஓஹோ," என்றார். "அப்ப நான்தானா?"

அவர் சாவிக்கொத்தை எடுத்து இன்னும் ஆழமாகச் செருகிக்கொண்டார்.

"சுமதி, இது இப்போதைக்கு உனக்குக் கிடையாது. அழாதே. அந்த போண்டாவை இப்படித் தள்ளு."

அக்கா அழுகையோடு சிரித்துவிட்டாள். அவள் மாமனார் சிரித்ததில் புரையேறி, தும்மிவிட்டார். அவரை யாரும் தண்ணீர் குடிக்கச் சொல்லவில்லை.

அக்கா தாலி கட்டிக்கொண்டதற்கு ஆல்பத்தில் போட்டோ இருக்கிறது. ஆனால் அவள் பிள்ளைகள் பார்த்து வளர்ந்தது அந்த கேசட்டைத்தான். தங்கள் அப்பா தாலியை எடுத்ததும் கரண்ட் போய்விட்டது என்றுதான் ரொம்ப நாள் நம்பினார்கள்.

போன மாதம் சம்பந்தியம்மாவுக்கு எண்பது. அக்கா பெண் கேக் வாங்கி மெழுகுவத்தி ஏற்றி, ஊதச் சொன்னாள். அவர் ஊதவில்லை. கூட்டத்தில் என்னைத் தேடினார்.

"முரளி, நீ கொஞ்சம் வெளியே போய் நில்லுப்பா. அப்புறம் ஊதறேன்."

போனேன். கைதட்டல் கேட்டது. என் பங்கு கேக் பால்கனிக்கே வந்தது. கொண்டுவந்தவர் அவரேதான், இடுப்பில் சாவிக்கொத்து கிணுகிணுக்க.