எண்ணூறு வயதுக் கிண்ணத்தில் பருப்புச் சோறு

ஆக்லாந்து முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், எண்ணூறு வயதுக் கிண்ணத்தில் பருப்புச் சோறு பிசைந்து சாப்பிட்ட மனிதர் எங்கள் கிண்ணம் அண்ணை ஒருவர்தான் அகப்படுவார்.

யாழ்ப்பாணத்துக்காரர். பென்ரோஸில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். வேலையில்லாமல் வந்து இறங்கிய எனக்கு, கிளென்ஃபீல்டில் தன் வாடகை வீட்டில் ஓர் அறை ஒழித்துக் கொடுத்தவர்.

அந்த நீலக் கிண்ணம் பழைய சாமான் கடையில் கிடைத்ததாம். பக்கத்து வீட்டு ஈரானியப் பெரியவர் அதைப் பார்த்ததும் நாற்காலியைத் தேடி உட்கார்ந்துவிட்டார். எண்ணூறு வருடத்துக்கு முன் தங்கள் நாட்டில் செய்தது, விளிம்பைச் சுற்றி எழுதியிருப்பது வைத்திருப்பவருக்கு வாழ்த்து, கண்ணாடிப் பெட்டியில் வையுங்கள் என்றார்.

"தம்பி, அந்தக் காலத்தில இதில என்ன சாப்பிட்டவை எண்டு கேளும்" என்றார் அண்ணை.

கேட்டேன். சோறு, குழம்பு, பழம் என்று பதில் வந்தது.

"பேந்தென்ன? சாப்பிடச் செய்ததைப் பூட்டி வைக்கிறது பாவமெல்லோ."

அன்றைக்கே பருப்பு ஊற்றியாயிற்று. துவாலையில் சுற்றி வேலைக்கும் கொண்டுபோவார். கைக்குழந்தையோடு வந்துவிட்டார் என்று மேலாளர் பதறினாராம். மைக்ரோவேவில் மட்டும் வைக்கமாட்டார். "அதுக்குப் பழக்கமில்லை, பயந்திடும்."

கழுவுவதும் அவர்தான். அவர் வெளியே போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் உதவப் புறப்பட்டேன். எவர்சில்வரில் பழகிய கை. கழுவியதும் வழக்கம்போல டங்கென்று கவிழ்த்தேன். இரண்டாகிவிட்டது.

துணிகளைப் பையில் அடுக்கிவிட்டுத்தான் அவருக்காகக் காத்திருந்தேன். இந்த வீட்டை விட்டால் எனக்குப் போக்கிடம் கிடையாது.

"அண்ணே, நான்தான் உடைச்சேன். கிளம்பிடுறேன்."

அவர் துண்டுகளை எடுத்து அடிப்பக்கம் திருப்பினார். வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அங்கே பழைய விரிசல் ஒன்று. அதன் இரு பக்கமும் துரு ஏறிய சின்னக் குழிகள்.

"முந்தியும் ஒருத்தன் உடைச்சிருக்கிறான். கம்பி போட்டுத் தைச்சிருக்கினம். விளங்குதே?"

"என்னண்ணே?"

"சாப்பிட்டுக் கழுவிப் புழங்கியிருக்கினம். பையை உள்ள கொண்டுபோய் வையும்."

பசை போட்டு ஒட்டினார். அதன்பின் அதில் மாண்டரின் பழங்கள் இருந்தன. முதல் பழம் எனக்குத்தான்.

இப்போது மாசி என்கிற புறநகரில் எனக்கென்று ஒரு வீடு இருக்கிறது. மகள் எதையாவது உடைத்துவிட்டு "சாரிப்பா" என்று நிற்கும்போது, நான் உடைந்ததை எடுத்து அடிப்பக்கம் திருப்பிப் பார்க்கிறேன். கோபம் அடங்க அவ்வளவு நேரம் போதும். அண்ணையும் அன்று அதற்காகத்தான் திருப்பினாரோ என்று நினைக்கும்போதெல்லாம் அவர்மேல் பிரியம் இன்னும் கூடிவிடுகிறது.