எனக்கு மட்டும் நின்றுபோகும் வண்டி

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்.
ஆகஸ்ட் 1999.

மதிப்பிற்குரிய ஞாயிறு பதிப்பு ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அச்சகத்தாரும் தலைவலி, கண்வலி இல்லாமல் நலமாக இருக்க வேண்டுகிறேன். நீண்ட காலமாகத் தங்கள் நாளிதழை வாங்கிப் படித்து வருகிறேன். இதுவரை ஒரு கடிதமும் எழுதித் தொந்தரவு கொடுத்ததில்லை. இதையும் எழுதலாமா கூடாதா என்று யோசித்து, எழுதி, கிழித்து, மறுபடி எழுதுகிறேன். சென்ற ஞாயிறு தலையங்கத்தில், இன்டர்நெட் என்பது மனிதனை மனிதனிடமிருந்து பிரிக்கும் கருவி என்று குறிப்பிட்டிருந்தீர்கள். தாங்கள் விசாரிக்காமல் எழுதியிருக்க மாட்டீர்கள். மறுத்துப் பேசும் துணிவும் எனக்குக் கிடையாது. ஆனால் என் வண்டி விஷயத்தில் நடந்தது சற்று வேறு மாதிரி இருப்பதால், அதைத் தங்கள் பார்வைக்கு வைத்து, முகம் தெரியாத மூன்று பேருக்குத் தங்கள் பத்திரிகை வாயிலாக நன்றி சொல்ல அனுமதி கேட்கிறேன். இடம் போதாவிட்டால் முன்பகுதியை வெட்டிக்கொள்ளலாம். நன்றியை மட்டும் வெட்ட வேண்டாம்.

என் பெயர் காசிவிஸ்வநாதன். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் தீட்டும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மனைவி உமையாளும் நானும் ஒரு கடையின் மேல்மாடியில் குடியிருக்கிறோம். கீழே கடையை ஒட்டிய நடைபாதையில், அஞ்சடியில், எங்கள் மோட்டார் சைக்கிள் நிற்கும். எங்கள் மகன் சாத்தப்பன் பிறந்த ஆண்டு வாங்கியது. அவனுக்கு முன்தலை வழுக்கையாகிவிட்டது, வண்டிக்கு இன்னும் பெயின்ட்கூட உதிரவில்லை. தயாரித்தவர் பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும் என்பதால் விடுகிறேன். வெள்ளிக்கிழமைதோறும் உமையாளை அந்த வண்டியில் கிள்ளானுக்கு அழைத்துப் போவேன். அங்கே அவளுடைய மூத்த சகோதரி நாச்சம்மை ஆச்சி, கணவரை இழந்த பிறகு தனியாக இருக்கிறார். சகோதரிகள் இருவரும் சேர்ந்து சமைப்பார்கள். நான் முன்னறையில் உட்கார்ந்து தங்கள் நாளிதழைப் படிப்பேன். பஸ்ஸில் போகலாமே என்று தாங்கள் கேட்கலாம். வீட்டில் உமையாளும் நானும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. சண்டை ஒன்றுமில்லை, பேச வேண்டியதெல்லாம் எப்போதோ பேசியாகிவிட்டது போல ஓர் அமைதி. ஆனால் வண்டியில் ஏறிவிட்டால், காற்றில் கேட்காது என்று என் காதருகே வாயை வைத்துக் கிள்ளான் வரை பேசிக்கொண்டே வருவாள். அது எனக்குப் பஸ்ஸில் கிடைக்காது.

சென்ற ஆண்டு மழையில் வண்டி ஒருமுறை சறுக்கிற்று. யாருக்கும் அடியில்லை. அன்றிலிருந்து உமையாள் வெள்ளி காலையில் வண்டியைத் துடைத்து, பெட்ரோல் தொட்டியின் மூடியில் வட்டமாகச் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் இட்டு, கற்பூரம் காட்டிய பிறகுதான் ஏறுவாள். எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் சில மாதங்களாக வண்டி நடுவழியில் நிற்கத் தொடங்கிற்று. பெடரல் ஹைவேயின் மோட்டார் சைக்கிள் தடத்தில், பத்து தீகா என்ற இடம் நெருங்கும்போது, இருமி, மூச்சு வாங்கி, நின்றுவிடும். உதைப்பேன், உதைப்பேன், வேட்டி நனைய உதைப்பேன், அசையாது. பிறகு கப்சாய் என்னும் சின்ன மோட்டாரில் வரும் இளைஞர் யாராவது நிறுத்துவார். "என்ன அங்கிள், பெட்ரோல் இருக்கா?" என்று மூடியைத் திறந்து பார்ப்பார், மூடுவார், ஓர் உதை உதைப்பார், வண்டி உறுமும். வியாழன் மாலையே தொட்டி நிரம்ப பெட்ரோல் போட்டுக் கண்ணாலும் பார்த்துவிடுகிறவன் நான். பார்த்ததை மறுபடி ஏன் பார்ப்பது என்று வழியில் ஒருநாளும் மூடியைத் தொட்டதில்லை. மோட்டார் கடை தம்புசாமியிடம் கொண்டுபோனேன். அவரும் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார், ஓர் உதை, அவ்வளவுதான். "வண்டி சிங்கம் மாதிரி இருக்கு அங்கிள். நீங்கதான் பூனைக்குட்டிய தடவுற மாதிரி உதைக்கிறீங்க" என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆனால் ஐயா, அன்று வீட்டுக்கு வந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஊரில் யார் உதைத்தாலும் கிளம்பும் வண்டி எனக்கு மட்டும் நிற்கிறதென்றால், குறை வண்டியிலா, என்னிலா? காலில் பலம் போய்விட்டதா? எதை முதலில் திருப்ப வேண்டும், எதைப் பிறகு அழுத்த வேண்டும் என்பதே மறந்துபோகிறதா? மறந்துபோவது மறந்துபோகிறவனுக்கு எப்படித் தெரியும்? உமையாளோ எனக்கு எதையும் மெதுவாக, தெளிவாக, திரும்பத் திரும்பச் சொல்ல ஆரம்பித்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அடுத்த வெள்ளி மறுபடி நின்றபோது, சுபாங் ஜெயாவிலிருந்து சாத்தப்பன் காரில் வந்தான். அவனும் மூடியைத் திறந்து பார்த்தான், உதைத்தான், கிளம்பிற்று. "அப்பச்சி, வண்டிக்கு ஒண்ணும் இல்ல" என்றான். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் அவன் ஆத்தாளைப் பார்த்தான். "இன்னொரு தடவ நடுரோட்டுல நின்னா, பழைய இரும்புக்காரன கூப்பிட்டுக் குடுத்துடுவேன் லா. இந்த வயசுல எதுக்கு ரிஸ்க்கு?" அதோடு விடவில்லை. வண்டியை நான் மறப்பதற்காக ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வந்து மேசையில் வைத்து, டெலிபோன் கம்பியையும் இணைத்துக் கொடுத்தான். "இனிமே இத ஓட்டுங்க. இது எங்கயும் நிக்காது."

கூடவே வந்த கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுத்தான் கம்ப்யூட்டரைத் தொட்டேன். தொட்டதும் நான் முதலில் தேடியது மோட்டார் சைக்கிளை. இதை மகனிடம் சொல்லவில்லை. அப்படித்தான் நம் நாட்டில் பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் மின்னஞ்சலில் நடத்தும் ஒரு குழுவைக் கண்டேன். ஒருவர் எழுதினால் எல்லாருக்கும் போகிறது. தெரிந்தவர் பதில் எழுதுகிறார். பல நாள் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். பிறகு, தவறாக இருந்தால் மன்னிக்க வேண்டும் என்று தொடங்கி, மன்னிக்க வேண்டும் என்று முடித்து, என் நிலைமையை எழுதினேன். எழுதியதை அனுப்பிவிட்டுத் திரும்பப் பெற வழியுண்டா என்று கையேட்டில் தேடினேன். இல்லை.

முதலில் பதில் எழுதியவர் பந்திங்கில் இருக்கும் ஹாஜி ரம்லி. இளவயதிலிருந்து வண்டிகளோடு வாழ்கிறவர். அவர் ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தருகிறேன் ('என்சே' என்றால் மலாயில் திரு.): "என்சே காசி, தன்னை உதைப்பது யார் என்று மோட்டாருக்குத் தெரியாது. அது ஆள் பார்த்து நிற்காது. ஆகவே முதலில் ஒன்றை மனத்திலிருந்து எடுத்துப் போடுங்கள்: குறை உங்களிடம் இல்லை." ஐயா, அந்த வரியை நான் பலமுறை படித்தேன். நான் பெற்ற மகன் சொல்லாததை, மோட்டார் கடை தம்புசாமி சொல்லாததை, நானே எனக்குச் சொல்லிக்கொள்ளாததை, பந்திங்கில் யாரோ ஒருவர் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, எழுத்து எழுத்தாகத் தட்டி எனக்கு அனுப்பியிருந்தார். அடுத்து அவர் கேட்டார்: "மற்றவர்கள் உதைப்பதற்கு முன் என்ன செய்தார்கள்?" யோசித்தேன். எல்லாரும் மூடியைத் திறந்தார்கள். ஜெஞ்சாரோமில் இருக்கும் லிம் என்பவர் உடனே பிடித்துக்கொண்டார். தொட்டி மூடியில் காற்றுப் போக ஒரு சிறு ஓட்டை இருக்கும், அது அடைத்திருந்தால் பெட்ரோல் கீழே இறங்காது, தொட்டி நிறைய இருந்தால் இன்னும் சீக்கிரம் நின்றுபோகும், போய்ப் பாருங்கள் என்றார்.

போய்ப் பார்த்தேன். என் மூடியில் ஓட்டையே இல்லை. வரைபடக்காரன் அல்லவா, அளந்து, மூடியின் குறுக்களவு, பல்லின் அகலம், எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதினேன். நடுவில் இருந்ததை மட்டும் எப்படி எழுதுவது என்று தயங்கினேன். யந்திர விஷயத்தில் பூசை விஷயத்தைக் கலப்பது முறையா? அதுவும் வேறு சமயத்தாரிடம்? "நடுவில் சிவப்பு, சுற்றிலும் மஞ்சள், சற்று மேடாக ஓர் அலங்காரம்" என்று எழுதி அனுப்பினேன். அவ்வளவுதான், குழு கொதித்தது. லிம் பழைய விலைப்பட்டியல்களைப் புரட்டினார். ஓட்டையில்லாத, சிவப்பு மஞ்சள் முத்திரை போட்ட மூடி எந்தப் புத்தகத்திலும் இல்லையாம். அப்படியானால் இது வெளியே வராமல் நின்ற அபூர்வ ரகமாக இருக்கலாம், விற்பதாக இருந்தால் முதலில் தனக்குச் சொல்ல வேண்டும் என்றார். ஈப்போவிலிருந்தும் ஒருவர் கேட்டார். அவர்கள் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஹாஜி மட்டும் அதில் கலந்துகொள்ளவில்லை. "முத்திரை இருக்கட்டும். அடுத்த முறை நின்றதும் மூடியைத் திறந்து, காதை வைத்துக் கேளுங்கள். 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே போகிறதா என்று சொல்லுங்கள்" என்றார்.

அடுத்த வெள்ளி, அதே இடத்தில் வண்டி நின்றது. இது மகன் காதுக்கு எட்டினால் இரும்புக்காரன்தான் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். மூடியை நோக்கிக் கையை நீட்டினேன். பின்னாலிருந்து உமையாள், "கைய வைக்காதீங்க! ஈரம்கூட காயல. சறுக்குனது மறந்துபோச்சா?" என்றாள். கையை எடுத்துக்கொண்டேன். "வர்றவங்க திறக்கிறாங்களே" என்றேன். "அவங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமே" என்றாள். ஆகவே வெயிலில் உட்கார்ந்து, நடுநடுவே உதைத்துப் பார்த்து, அது ஒருவழியாகக் கிளம்பும் வரை காத்திருந்து, ஊர்ந்து ஊர்ந்து கிள்ளான் சேர்ந்தோம். மகனிடம் இருவரும் சொல்லவில்லை. குழுவுக்கு, "குடும்பச் சூழ்நிலை காரணமாக வெள்ளிக்கிழமைகளில் மூடியைத் திறக்க இயலாது" என்று எழுதினேன். பதிலே வரவில்லை. என்ன பதில் எழுதுவார்கள், பாவம்!

பிறகு ஒரு காலை, புஷ்பவல்லி என்ற பெயரில் ஒரு கடிதம் வந்திருந்தது. செலாயாங்கில் இருக்கும் நர்ஸ். தினமும் வண்டியில் வேலைக்குப் போகிறவர். குழுவில் பழையவர், ஆனால் அதிகம் எழுதமாட்டார். அவர் எழுதியது தமிழ்தான், ஆனால் ஆங்கில எழுத்தில். அப்படி நான் தமிழைப் பார்த்ததே இல்லை. கண்ணால் படித்தால் ஒன்றும் விளங்கவில்லை. எழுத்துக் கூட்டி வாய்விட்டு வாசித்தால்தான் சொல்லாகிறது. ஆகவே பள்ளிப் பிள்ளை போல உரக்க வாசித்தேன்.

"அங்கிள், நான் ரொம்ப நாளா சும்மா படிச்சிட்டுதான் இருந்தேன். ஆன்டி வெள்ளிக்கிழம வண்டிக்குப் பூச பண்றாங்களா? அந்தச் சிவப்பு குங்குமம்தானே? மஞ்ச சந்தனம்தானே? எங்கம்மா என் வண்டிக்குச் சாவி ஓட்டையிலயே சந்தனத்த வச்சு, சாவியே போகாம நான் வேலைக்கு லேட்டு. அங்கிள், அந்த மூடி ஓட்டதான் வண்டிக்கு மூக்கு. மூக்க அடச்சா மனுசனே நிக்க முடியாது, வண்டி எப்படி லா ஓடும்? பொட்டு நெத்தியில வைக்கலாம். மூக்குல யாராச்சும் வைப்பாங்களா? ஹெட்லைட்டுதான் வண்டிக்கு நெத்தின்னு ஆன்டிகிட்ட பக்குவமா சொல்லுங்க."

பக்குவமாகச் சொல்ல எனக்கு வாய்ப்பே இல்லை. சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றிருந்தது. உமையாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"யாரு அந்தப் பொண்ணு?"

"புஷ்பவல்லி. செலாயாங். நர்ஸ்."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"தெரியாது. நாங்க மோட்டார் மட்டும்தான் பேசுறோம்."

அவள் சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிக்கொண்டு மாடிப்படி இறங்கினாள். நானும் பின்னால் போனேன். காய்ந்து கல்லாகிப் போயிருந்த சந்தனத்தைச் சுரண்டினாள். ஒவ்வொரு வெள்ளியும் ஒரு படலமாக உதிர்ந்தது. கடைசியில் ஓட்டை வந்தது. ஊசி உள்ளே போய் வெளியே வந்தது. உமையாள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நானும் உங்களுக்குத்தான் வயசாயிடுச்சுன்னு நெனச்சுட்டேன்" என்றாள். பிறகு, "நாந்தான் மூச்ச நிறுத்தியிருக்கேன்" என்றாள். பிறகு இருவரும் சிரித்தோம். அஞ்சடியில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்த வெள்ளி வண்டி எங்கும் நிற்கவில்லை. நம்பிக்கையில்லாத சாத்தப்பன் காரின் விளக்குகளை மினுக்கிக்கொண்டு, கல்யாண ஊர்வலம் போலக் கிள்ளான் வரை பின்னால் வந்தான். உமையாள் திரும்பித் திரும்பி அவனுக்குக் கை காட்டினாள். கை காட்டாத நேரமெல்லாம் என் காதில் பேசினாள். இரும்புக்காரன் பேச்சு அத்துடன் முடிந்தது. குழுவுக்கு எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதினேன். ஹாஜி இறைவனைப் புகழ்ந்தார். லிம் அபூர்வ மூடி போனதற்கு ஒரு வரி வருந்தி, எங்கள் பயணத்துக்கு ஒரு வரி மகிழ்ந்தார். ஐயா, வண்டி கிளம்பும் வரை அவர்களில் ஒருவரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கிளம்பிய பிறகு எல்லாரும் சிரித்தார்கள்; நானும் கூடச் சேர்ந்துகொண்டேன். அனுபவம் உள்ளவர்கள் பலரை அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். அவர்கள் அதைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார்கள். இவர்கள் கேட்டவனுக்கெல்லாம் எடுத்துக் கொடுக்கிறார்கள். ஹாஜி ரம்லி, திரு. லிம், புஷ்பவல்லி மூவருக்கும் என் நன்றி. நேற்று குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், தன் வண்டி தனக்கு மட்டும் கிளம்புவதில்லை என்று எழுதியிருந்தார். யாரும் பதில் சொல்வதற்கு முன் நானே எழுதினேன்: முதலில், குறை உங்களிடம் இல்லை. இப்போது எங்கள் வண்டிக்கும் ஒரு குறையுமில்லை. இனி வருவதற்கும் வழியில்லை.

தங்கள் நாளிதழ் தவறாமல் வெளிவரவும், தங்கள் இல்லத்தார் எந்தப் பயணத்திலும் நடுவழியில் நிற்காமல் போய்ச் சேரவும் வாழ்த்தி, உமையாளின் வணக்கத்தையும் சேர்த்து முடிக்கிறேன்.

தங்கள் பணிவுள்ள வாசகன்,
காசிவிஸ்வநாதன்

பி.கு.: கடிதத்தை உறையில் இட்ட பிறகு மறுபடி பிரித்து இதை எழுத நேர்ந்ததற்கு மன்னிக்கவும். நேற்று கிள்ளானிலிருந்து திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. விளக்கைப் போட்டும் பாதை தெரியவில்லை. உருட்டாத குறையாக வந்து சேர்ந்தோம். கண்பார்வை போய்விட்டதோ என்று நினைக்க ஆரம்பித்து, உடனே நிறுத்திக்கொண்டு, முன்விளக்கு மங்கல் என்று குழுவுக்கு எழுதினேன். எழுதி அனுப்பிய பிறகுதான் கீழே போய் வண்டியை முன்பக்கமிருந்து பார்த்தேன். விளக்குக் கண்ணாடி முழுவதும் திருநீற்றுப் பட்டை, நடுவில் வெள்ளிக்காசு அகலத்துக்குச் சந்தனம், குங்குமம். கேட்டதற்கு உமையாள், "நெத்தின்னு ஆன பெறகு வெறும் பொட்டோட விடுறதா?" என்கிறாள். மேலே வந்தால் லிம் எழுதியிருக்கிறார்: கண்ணாடியில் வெள்ளைக் கோடுகள் ஏதும் இருந்தால் உடனே தெரிவிக்கவும், விற்பதாக இருந்தால் முதலில் தனக்கு. ஆகவே, ஒரு குறையுமில்லை என்ற வரியையும் அதற்கடுத்த வரியையும் நீக்கிவிடக் கோருகிறேன். நன்றியை அப்படியே விடுங்கள். மறுபடி தேவைப்படும் போலிருக்கிறது. புஷ்பவல்லியிடமிருந்தும் ஒரு கடிதம் வந்திருக்கிறது. உரக்க வாசித்தால்தான் விளங்கும். உமையாள் சமையலறையில் இருக்கிறாள். அவளைக் கோயிலில் இறக்கிவிட்டு வந்துதான் படிக்க வேண்டும். வெளிச்சம் இருக்கும்போதே கிளம்புகிறேன்.