வலது காலில் பிரேக்

நிச்சயத்துக்கும் நிக்காஹ்வுக்கும் நடுவில் மாப்பிள்ளைகள் போனில் அதிகம் பேசக் கூடாது. ‘சாப்டியா, வச்சிடுறேன்’ என்பதோடு நிறுத்திக்கொண்டால் எலும்புக்கு நல்லது. நான் நிறுத்தவில்லை. “உங்க பொழுதுபோக்கு என்ன?” என்று பர்வீன் கேட்டதும், “மலையில சைக்கிள் ஓட்டுவேன்” என்று அடித்துவிட்டேன். (பக்கத்து டீக்கடைக்கே பைக்கில் போகிற ஆள் நான்.)

அவளுடைய அண்ணன் ரியாஸ் பெங்களூரில் நிஜமாகவே மலையில் சைக்கிள் ஓட்டுகிறவர் என்பதை அவள் சொல்லவில்லை. அடுத்த லீவுக்கே காரின் தலையில் இரண்டு கியர் சைக்கிள்களைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

“வாங்க மச்சான், சிறுமலை மேல இருந்து ஒத்தையடிப் பாதையிலயே இறங்கிருவோம். வீட்டாளுக பிரியாணியோட அடிவாரத்துல இருப்பாக. பர்வீனும் வருது.”

மறுத்தால் மாமனார் வீட்டில் பொய்யன் என்று பெயராகிவிடும். போனேன்.

மேலிருந்து பார்க்க மேகத்துக்குக் கீழே திண்டுக்கல் கோட்டை மலை கூழாங்கல் அளவில் தெரிந்தது. திரும்ப அங்கே உயிரோடு போய்ச் சேர்வேனா என்பதுதான் என் கவலை. வாழைக்குலை சுமக்கும் குதிரைகள் நடந்து நடந்து உண்டான பாதை அது. ஒரு பக்கம் காப்பிச் செடி, மறுபக்கம் பள்ளம்.

முதல் இறக்கத்திலேயே சைக்கிள் வேகம் பிடித்தது. பதறிப்போய் வலது காலை ஓங்கி மிதித்தேன். பைக்கில் பின் பிரேக் அங்கேதானே இருக்கிறது! சைக்கிளோ, ஐயா இன்னும் வேகம் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டது. வலது கால் மேலே வரும்போதெல்லாம் மிதித்தேன். முன்னால் போன ரியாஸை முந்தினேன். “மச்சான், சூப்பரு!” என்று கத்தினார் பாவம். அடுத்த வளைவில் பாதை திரும்பியது, நான் திரும்பவில்லை.

முட்புதருக்குள் கிடந்த என்னைக் குலை ஏற்றி வந்த குதிரைக்காரர்தான் வெளியே இழுத்தார். “ஏலே அப்பு, உசுரு இருக்கா?” உயிர் இருந்தது. கணுக்கால்தான் வீங்கி, ஷூவுக்குள் இருக்க மாட்டேன் என்றது. குலைகளைப் பாதையோரம் இறக்கி வைத்துவிட்டு என்னைக் குதிரை மேல் ஏற்றினார். ரியாஸ் இரண்டு சைக்கிள்களையும் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தார்.

அந்தக் குதிரை தினமும் குலை இறக்கும் இடத்தில் போய்த்தான் நிற்கும். அங்கேதான் மாமனார் வீட்டார் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். கிழிந்த பேன்ட்டோடு குதிரை மேல் வந்த என்னை மாமனார் ஏற இறங்கப் பார்த்தார்.

“என்ன மாப்ளே, ஊர்வலம் அடுத்த மாசந்தானே?”

எல்லோரும் சிரித்தார்கள். பர்வீன் மட்டும் சிரிக்காமல் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் அவ்வளவுதான் என்று நினைத்தேன். அவள் அண்ணனிடம் திரும்பினாள்.

“இவருக்கு ஓட்டத் தெரியாதுன்னு எனக்கு போன்லயே தெரியும்ணே. வேணாம்னு சொல்லிருவாருன்னு பாத்தேன். எனக்காக இம்புட்டுத் தூரம் வந்து விழுவாருன்னு தெரியாது.”

பிறகு அவள் சிரித்த சிரிப்பில் குதிரையே திரும்பிப் பார்த்தது. எனக்குக் கால் வலி மறந்துபோனது.

போன வாரம் மகளுக்கு சைக்கிள் வாங்கப் போனோம். கடைக்காரர் எதிரிலேயே அவள் என் கையை இழுத்து ஹேண்டில்பாரில் வைத்தாள். “நல்லாப் பாத்துக்கங்க அத்தா. பிரேக்கு இங்க, கையில இருக்கு.”

பர்வீன் வாசலுக்குப் போய், குதிரை ஏதும் வருகிறதா என்று ரோட்டை எட்டிப் பார்த்தாள்.