விடை சொல்லக் கூடாத மேசை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. இங்கே நானும் மகனும் மருமகளும் நலம். அங்கே நீயும் அத்தானும் அத்தானின் முழங்காலும் அதேபோல் இருக்க வேண்டும். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் நீ முடித்து வைப்பாய். இந்த விஷயம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எனக்கே பிடிபடவில்லை என்பதால் கடிதமாகவே எழுதுகிறேன். வந்த காரியத்தை முதலில் கேட்டுவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் காலம் முழுக்கக் கணக்கு சொல்லிக்கொடுத்தவள் நீ. வருகிற சனிக்கிழமைக்கு முன்னால் இரண்டு நாள் இங்கே வந்து தங்க முடியுமா? ஒரு பெண்ணின் எதிர்காலம் என் கையில் வந்து மாட்டிக்கொண்டு முழிக்கிறது.

பேருந்து நிலையத்து விசாரணைக் கவுண்டரில், கண்ணாடியில் இருந்த ஓட்டை வழியாக ஊருக்கெல்லாம் பதில் சொல்லியே ஓய்வு பெற்றவன் நான் என்பது உனக்குத் தெரியும். அந்த வாய் வீட்டில் சும்மா இருக்குமா? மகன் செருப்பை மாட்டினாலே எந்த வண்டி எத்தனையாவது நடைமேடை என்று சொல்லிவிடுகிறேன். அவன் தெருமுனைக் கடைக்குப் போகிறவனாக இருப்பான். ஒரு நாள் மருமகள் பக்குவமாக, "மாமா, உங்களுக்குத் தெரிஞ்சதை எல்லாம் வெளியில நாலு பேருக்குச் சொல்லிக் குடுத்தா என்ன?" என்றாள். 'வெளியில' என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னதாக எனக்குப் பட்டது. மறுநாளே ஒரு தொண்டு அமைப்பில் என் பெயரைக் கொடுத்துவிட்டாள். குடும்பக் கஷ்டத்தால் படிப்பு பாதியில் நின்றுபோன இளம்பிள்ளைகளுக்கு மாலை வேளையில் தன்னார்வலர்கள் பாடம் சொல்லிக்கொடுக்கும் இடம் அது. வயசானவர்கள் வந்தாலும் தடையில்லையாம். கடைசியில் தொழிற்பயிற்சிக்கான நுழைவுத் தேர்வு எழுதுவார்கள். அதில் தேறினால் இலவசப் படிப்பும் பின்னாலேயே ஒரு வேலையும் நிச்சயம். நல்ல காரியம்தானே என்று நானும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

தன்னார்வலர்களுக்கு முதலில் ஒரு சனிக்கிழமை பயிற்சி. நடத்தியவர் ஒருங்கிணைப்பாளர் அம்மா. அவருக்குக் குரலே உயராது, திட்டினாலும் தாலாட்டுகிற மாதிரி இருக்கும். இங்கே ஆசிரியர் என்றோ மாணவர் என்றோ யாரும் கிடையாது, எல்லோரும் சகபயணிகள் என்றார். எந்த ஊர், என்ன வேலை, எதுவரை படித்தாய் என்று எதிரில் இருப்பவரைக் கேட்கவே கூடாது, மனசு புண்படும். அவர் தப்பாகச் சொன்னால் தப்பு என்று சொல்லக் கூடாது, 'அருமையான முயற்சி' என்று சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, விடையை மட்டும் சொல்லவே கூடாது, கேள்வி கேட்டுக் கேட்டு அவரே விடைக்கு வரும்படி செய்ய வேண்டும். அக்கா, விசாரணைக் கவுண்டர்க்காரனிடம் போய் விடை சொல்லாதே என்றால் அவன் என்ன ஆவான்? ஆனாலும் பெரிய படிப்பு படித்த அம்மா சொல்கிறார் என்று தலையாட்டினேன்.

மரச்சாமான் கடைக்கு மேல்மாடியில் நீளமான கூடம், ஜன்னல் ஓரமாக வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றுக்கும் எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலி. முதல் நாள் நான் எங்கே உட்கார வேண்டும் என்று ஒருங்கிணைப்பாளர் அம்மாவைக் கேட்டேன். இன்னார் இன்னாருக்கு என்று நான் கைகாட்டினால் யார் எதற்கு வந்தவர் என்று வெளியே தெரிந்துவிடும், உங்கள் மனசு சொல்கிற இடத்தில் உட்காருங்கள் என்றார். என் மனசு ஒன்றும் சொல்லவில்லை. சுற்றும் முற்றும் பார்த்தேன். ஒரு மேசையில் ஒல்லியாக ஒரு பெண், வெளுத்துப்போன உடையும் வார் அறுந்து ஊக்கு குத்திய செருப்புமாகத் தனியாக உட்கார்ந்திருந்தாள். படிக்க வந்த பிள்ளை இவள்தான் என்று முடிவு கட்டினேன். போய் எதிரில் உட்கார்ந்தேன். அவள் எழுந்து நின்று, "வாங்க சார், பயப்படாம உட்காருங்க" என்றாள். கஷ்டப்பட்ட பிள்ளைக்கு எவ்வளவு மரியாதை பார் என்று நினைத்துக்கொண்டேன்.

புத்தகத்தைத் திறந்தால் முதல் கணக்கு, ஒரு தொட்டி. ஒரு குழாய் அதை நான்கு மணி நேரத்தில் நிரப்பும், இன்னொன்று ஆறு மணி நேரத்தில் நிரப்பும், இரண்டையும் ஒன்றாகத் திறந்தால் எவ்வளவு நேரம் ஆகும்? உனக்கு இது மூச்சு விடுகிற மாதிரி. நான் விதிப்படி, "நீ என்னம்மா நினைக்கிறே?" என்று கேட்டேன். அவள், "நீங்க என்ன சார் நினைக்கிறீங்க?" என்றாள். சரி, கூச்சம் என்று விட்டுவிட்டு, முதலில் எந்தக் குழாயைத் திறக்கலாம் என்று கேட்டேன். நீங்களாக இருந்தால் எதைத் திறப்பீர்கள் என்று கேட்டாள். அன்றைக்குப் பொழுது அப்படியே போயிற்று. அடுத்த வாரமும் அப்படியே. ஒரு நாள் நான் ஒரு தந்திரம் செய்தேன். வேண்டுமென்றே தப்பாக, நாலும் ஆறும் பத்து, பத்து மணி நேரம் ஆகும் இல்லையா என்று போட்டுப் பார்த்தேன்; அவளே திருத்துவாள் என்று ஒரு நப்பாசை. அவள் முகம் கொஞ்சம் வாடியது. உடனே சமாளித்துக்கொண்டு, "அருமையான முயற்சி சார்" என்றாள். எனக்குப் பகீரென்றது. குழாய் கூடினால் நேரமும் கூடும் என்று நினைக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? அதற்கடுத்த நாள் அவள் தானாகவே, ஒரு மணி நேரத்தில் நிரம்பிவிடுமோ என்று என் முகத்தையே பார்த்தபடி கேட்டாள். நானும் வேறு வழியில்லாமல் அருமையான முயற்சி என்றேன். இரண்டு மாதமாக அந்தத் தொட்டி நிரம்பவில்லை, அக்கா.

பக்கத்து மேசையில் சலவைக்கடையில் வேலை பார்க்கிற ஒரு பெண்ணும், பேக்கரியில் அடுப்பு பார்க்கிற ஓர் இளைஞனும். யாரும் விசாரிக்காமலேயே இது தெரிந்தது, ஏனென்றால் அவர்கள் பேசுவது கூடம் முழுக்கக் கேட்கும். சண்டை, சிரிப்பு, "தப்பு தப்பு, அழி" என்று ஒரே ரகளை. ஒரு விதியையும் மதிப்பதில்லை. யார் சகபயணி, யார் இன்னொரு சகபயணி என்றே எனக்குப் புரியவில்லை. ஒருங்கிணைப்பாளர் அம்மா அவர்களைத் தாலாட்டுக் குரலில் கண்டிப்பார். எங்கள் மேசைக்கு வந்தால், இருவரும் மாறி மாறிக் கேள்வி கேட்பதைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கிவிடும். நன்கொடை தருகிறவர்கள் பார்வையிட வந்தபோது, இதுதான் எங்கள் முன்மாதிரி மேசை என்று எங்களைத்தான் காட்டினார்.

அந்தப் பெண்ணுக்கு ஒரு ஜோடிச் செருப்பு வாங்கிக் கொடுத்தேன். வேண்டாம் வேண்டாம் என்று அவ்வளவு கூச்சம். மறுவாரம் அவள் எனக்கு ஒரு புது மூக்குக்கண்ணாடி ஃபிரேம் கொண்டுவந்து தந்தாள். என் கண்ணாடியின் காதுக்கம்பி நூலில் நிற்பதைக் கவனித்திருக்கிறாள். இல்லாத வீட்டுப் பிள்ளை எதை மிச்சம் பிடித்து வாங்கினாளோ என்று அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. தேர்வை எழுதப்போவது யார் என்று ஒரு தடவை ஒருங்கிணைப்பாளர் அம்மாவிடமே உறுதி செய்துகொள்ளப் பார்த்தேன். "அது உங்க ரெண்டு பேரோட தேர்வும்தான் சார்" என்று சிரித்தார். ஒரு ராத்திரி முழுக்க நானும் எழுத வேண்டுமோ என்று புரண்டுகொண்டிருந்தேன்.

சனிக்கிழமைத் தேர்வுக்கு முந்தைய கடைசி வகுப்பு நேற்று. எனக்குப் பொறுக்கவில்லை. யாரும் பார்க்காதபோது குனிந்து, ஒவ்வொரு குழாயும் ஒரு மணி நேரத்தில் எத்தனை பங்கு நிரப்பும் என்று எழுதிக் கூட்டி, இரண்டு மணி இருபத்து நான்கு நிமிஷம் என்று அவள் காதோடு சொல்லிவிட்டேன். விதியை மீறிவிட்டேன், கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தால், அவள் கண்ணில் தண்ணீர். "சார், நீங்களே கண்டுபிடிச்சிட்டீங்க" என்று கையைத் தட்டினாள். பிறகு, "எங்க என்னாலதான் உங்களுக்கு வராமப் போயிடுமோன்னு தூக்கமே இல்ல சார். இனி கவலை இல்ல" என்றாள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஓர் எண்ணைக்கூட அவள் எழுதவில்லை, அவளுக்கு எப்படிக் கவலை இல்லாமல் போகும்? இந்தப் பெண் ஜெயிக்க வேண்டும், அக்கா. நான் பெற்ற பிள்ளை தேர்வு எழுதியபோதுகூட இப்படிக் கிடந்து தவித்ததில்லை. அதனால்தான் உன்னைக் கூப்பிடுகிறேன். நீ வந்து விதி கிதி எல்லாம் பார்க்காமல் இரண்டு நாள் அவளுக்குச் சொல்லிக்கொடு.

அத்தானுக்கு என் வணக்கம். பெரிய மனசு பண்ணி உன்னை இரண்டு நாள் அனுப்பி வைக்கச் சொல். பேரப்பிள்ளைகள் படித்துப் பெரிய ஆளாக வர என் ஆசி. கணக்கில் சந்தேகம் என்றால் உன்னிடமே கேட்கட்டும், என்னிடம் வேண்டாம்.

உன் ஆசியை வேண்டும்,
தம்பி

பின்குறிப்பு: அக்கா, நீ வர வேண்டாம். தபால்தலை வாங்க மறந்து கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன், சனிக்கிழமையும் போய்விட்டது. தேர்வு நடக்கும் இடத்து வாசலில் அவளை விடப் போனேன். அவள் எனக்கு முன்னால் வந்து காத்திருந்தாள். தைரியமாகப் போம்மா என்றேன், தைரியமாகப் போங்க சார் என்றாள். இதுவே கொஞ்ச நேரம் நடந்தது. காவலாளி பொறுமை இழந்து, "ரெண்டு பேர்ல யாரு எழுதறது?" என்று கேட்டார். நான் அவளைக் காட்டினேன், அவள் என்னைக் காட்டினாள். நுழைவுச் சீட்டு இருவரிடமும் இல்லை. கேட்டால், அவள் ஒரு கல்லூரியில் கணக்கு விரிவுரையாளராம்! எனக்குப் பயிற்சி நடந்த சனிக்கிழமைக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவளும் அதே பயிற்சியை முடித்திருக்கிறாள். முதல் வகுப்புக்கு வருகிற வழியில் செருப்பு அறுந்திருக்கிறது, புதுசு வாங்க நேரமில்லை, அவ்வளவுதான். என் கண்ணாடியையும் பத்து மணி நேரக் கணக்கையும் பார்த்து, இந்த வயதிலும் படிக்க வந்திருக்கிறாரே என்று எனக்காக அவள் வீட்டில் அழுதிருக்கிறாள். நாங்கள் இருவரும் மதில் ஓரத்தில் உட்கார்ந்து, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இருந்தோம். எங்களிடம் படித்திருக்க வேண்டிய இரண்டு பேர் எங்கே போனார்கள் என்று அப்போதுதான் உறைத்தது.

அந்நேரம் பக்கத்து மேசைக்காரர்கள் வந்தார்கள். சலவைக்கடைப் பெண் கையில் ஒரு நுழைவுச் சீட்டு, பேக்கரி இளைஞன் கையில் ஒன்று. இவள் அவனைப் பார்த்து, சார் நீங்களும் எழுதறீங்களா என்று கேட்கிறாள். அவன் இவளைப் பார்த்து, டீச்சர் நீங்களுமா என்கிறான். இரண்டு மாதமாக அவன்தான் சொல்லிக்கொடுக்க வந்தவன் என்று அவளும், அவள்தான் என்று அவனும் நினைத்திருக்கிறார்கள். அவமானப்படக் கூடாது என்று ஆளுக்காள் வீட்டில் முன்கூட்டியே படித்துக்கொண்டு வந்து சண்டை போட்டிருக்கிறார்கள். விடை சொல்லக் கூடாது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. மணி அடித்து இருவரும் உள்ளே ஓடினார்கள். எனக்கு வீட்டுக்குப் போகக் கால் எழவில்லை, அவளும் போகவில்லை. அவர்கள் வெளியே வந்ததும் விரிவுரையாளர் கேள்வித்தாளை வாங்கி, ஒவ்வொன்றாக விடை கேட்டுச் சரிபார்த்தாள். முடித்ததும் என் கையை இறுகப் பிடித்து, "ரெண்டு பேருமே தேறிடுவாங்க சார்" என்று மெல்லச் சொன்னாள். நான் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நாங்கள் வாசலிலேயே உட்கார்ந்திருந்ததைப் பார்த்து பேக்கரி இளைஞனுக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் வந்து குந்தினான். "விடுங்க சார், இந்தத் தடவை உள்ளயே விடலையா? அடுத்த வருஷம் எழுதலாம். நாங்க பார்த்துக்கிட்டுதான் இருந்தோம், ரெண்டு பேரும் பாவம், ஒரே கணக்குலயே நின்னுட்டீங்க. உங்களுக்குச் சரியா சொல்லிக் குடுக்க ஆள் அமையல. திங்கக்கிழமை எங்க மேசைக்கு வாங்க, நாங்க சொல்லித் தர்றோம்" என்றான். சலவைக்கடைப் பெண்ணும் தலையாட்டினாள். நான் விரிவுரையாளரைப் பார்த்தேன். அவள் வாயைத் திறந்தாள், மூடினாள், பிறகு வருகிறோம் என்றாள். திங்கட்கிழமை போகிறேன், அக்கா. பென்சில் சீவி வைத்திருக்கிறேன்.