கினிப் பன்றியைத் திரும்ப எடுத்துக்கொள்வது சம்பந்தமாக

அன்பிற்குரிய மச்சானுக்கு,

உங்கள் அக்காவைக் கட்டிக்கொண்ட புண்ணியவான் எழுதுவது. இங்கே அக்கா சுகம், உங்கள் மருமகள் சுகம், அவள் பிறந்தநாளுக்கு நீங்கள் கொடுத்துவிட்டுப் போன கினிப் பன்றி எல்லோரையும்விடச் சுகம். வாடிப்போயிருப்பது நான் மட்டும்தான்.

எனக்குச் சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து உங்கள் அக்கா என்னைக் கீரையிலும் வெள்ளரியிலும் வளர்த்துவருகிறாள். "நானும் உங்ககூடச் சேர்ந்து பத்தியம் இருக்கேன், போதுமா?" என்று அவளும் இனிப்பைத் துறந்துவிட்டாள். நான் பத்தாம் வகுப்பையே இரண்டு தடவை எழுதியவன், ஒரே தடவையில் திருந்துகிற ஆளா? மத்தியானம் அவள் கண்ணயர்ந்ததும் பூனை மாதிரி போய், மகளுக்கென்று வைத்த கேக்கில் ஒரு விள்ளல், அவ்வளவுதான் ஆசை. அதிலும் மண் விழுந்தது. பிரிட்ஜ் கதவு திறந்தால் தனக்குக் குடைமிளகாய் வரும் என்று இந்தக் குண்டூஸ், அதுதான் மகள் வைத்த பெயர், கண்டுபிடித்துவிட்டது. கதவில் கை வைத்தேனோ இல்லையோ, வீக் வீக்கென்று விசில். அக்கா ஓடிவந்து, "என்னங்க, வாயில என்ன?" என்றாள். "நாக்கு" என்றேன். நம்பவில்லை.

கத்துகிற வாயை அடைக்க வழியா இல்லை என்று, கதவைத் திறக்கும் முன்பே ஒரு கிரீம் பிஸ்கட்டை லஞ்சமாக நீட்டினேன். கப்சிப். சில நாள் நானும் அதுவும் கூட்டுக் களவாணிகளாக இருந்தோம். அப்புறம் பார்த்தால் ஐயா உலர்ந்த புல்லைத் தொடமாட்டேன் என்கிறார், மூலையில் உம்மென்று உட்கார்ந்துவிட்டார், மகள் அழுகிறாள், கூண்டைத் தூக்கிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டரம்மா வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுக்குப் பல்லு வளந்துகிட்டே இருக்கும் சார். புல்லை மென்னாத்தான் தேயும், வயிறும் வேலை செய்யும். நாள் பூரா புல்லு, கொஞ்சம் கீரை, தினம் ஒரு துண்டு குடைமிளகாய். பிஸ்கட் யாரு குடுத்தது?" என்றார். நான் சுவரில் இருந்த நாய்ப் படத்தைப் பார்த்தேன். மகள் என்னைப் பார்த்தாள்.

"அப்பா, நீ கேக்கு திங்கறதுக்கு இதோட உசுருதான் கிடைச்சுதா?"

இப்போது அது தேறிவிட்டது. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே கீரைக்கட்டு, இளந்தளிர் அதற்கு, காம்பு எனக்கு. "அதைப் பாருங்க, மூஞ்சியத் தூக்காம சாப்பிடுது" என்று அக்காவிடமிருந்து எனக்கு உதாரணம் வேறு. இனி லஞ்சமும் கொடுக்க முடியாது, கேக்கும் தின்ன முடியாது. ஒரு வீட்டில் இரண்டு பத்தியக்காரர்கள் ஆகாது, அதிலும் ஒருவர் உளவாளி. ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து கூண்டோடு எடுத்துச் செல்லவும். மகளை நான் சமாதானம் செய்துகொள்கிறேன். எப்படி என்று கேட்காதீர்கள்.

உங்கள் வீட்டில் அனைவரும் வேண்டியதை வேண்டிய அளவு தின்று நீடூழி வாழ, அரை வயிற்றோடு வாழ்த்தும்,
அக்கா வீட்டுக்காரர்

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். இதை உறையில் போடும்போது குண்டூஸ் விசிலடித்தது. நான் மேசையில் இருக்கிறேன், மகள் பள்ளிக்கூடத்தில். ஓடிப்போய்ப் பார்த்தால் பிரிட்ஜ் வெளிச்சத்தில் உங்கள் அக்கா, கன்னம் உப்பி நிற்கிறாள். "என்னம்மா, வாயில என்ன?" என்றேன். "கீரைங்க" என்றாள், உதட்டில் சாக்லேட்டோடு. குண்டூஸ் இனி எங்கேயும் போகாது. இன்று அதற்குக் குடைமிளகாய் இரண்டு துண்டு.