பூட்டு சார் போட்ட பூட்டு

கள்ளக்குறிச்சியில் பூட்டு சாரைப் போலச் சந்தேகப்பிராணி முன்னும் பிறந்ததில்லை, இனியும் பிறக்கப்போவதில்லை. நான் வரவேற்பில் இருந்த தனியார் மருத்துவமனையின் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் அவர்தான் காவல். கிரிக்கெட் ஸ்கோரைத் தடுத்தார். முதலாளியின் ராசிபலனைத் தடுத்தார். மருந்துக் கம்பெனி அனுப்பிய பொங்கல் வாழ்த்தைக்கூட, "யாருங்க இது? நமக்கு இன்னா ஒறவு?" என்று தடுத்தார்.

மலைமேல் கரியாலூரில் எங்களுக்கு ஒரு கிளினிக் உண்டு. வியாழன்தோறும் மலை ஜனங்கள் நடந்து வருவார்கள். டாக்டர் கீழேயிருந்து வீடியோவில் பார்ப்பார். அந்த லைனுக்குக் காவலாக மேலே ஒரு ஃபயர்வால் பெட்டி. எதை விடலாம், எதை விடக்கூடாது என்ற விதிகளை பூட்டு சார் தன் மேசையிலிருந்தே பிரவுசரில் திறந்து எழுதுவார்.

ஒரு புதன்கிழமை, 'எல்லாவற்றையும் தடு' என்ற விதியை அடியில் வைப்பதற்குப் பதில் உச்சியில் வைத்து, சேவ் பட்டனை அழுத்திவிட்டார். பெட்டி மேலிருந்து கீழாகப் படிக்கும். முதல் வரியிலேயே உத்தரவு கிடைத்ததும் டாக்டரைத் தடுத்தது. பூட்டு சாரையும் தடுத்தது.

அவர் முகத்தில் கவலையைவிடப் பெருமைதான் தெரிந்தது. "பாத்தீங்களா, என்னியே வுடல!"

"நாளிக்கு ஜனங்க வந்துருவாங்க சார். இப்ப இன்னா பண்றது?" என்றேன்.

"மேல போயி நேரா பொட்டியிலயே ஒயர சொருவுனாதான் ஆவும்."

"மழை கொட்டிக்கினு இருக்குதுங்க. அடிவாரத்துல கச்சிராயபாளையத்தோட பஸ்ஸ நிறுத்திட்டாங்க."

"பஸ்ஸு தானங்க நின்னுச்சு?"

விடிந்ததும் லேப்டாப்பை உரச்சாக்கில் சுற்றிக் கட்டிக்கொண்டு மொபெட்டில் கிளம்பிவிட்டார். பாதி மலையில் மொபெட் படுத்துக்கொண்டது. தள்ளினார். மரவள்ளிக்கிழங்கு ஏற்றப் போன மினி லாரிக்காரர், "ஏறிக்குங்க சார்" என்றிருக்கிறார். "நீங்க யாருங்க? லைசென்ஸ காட்டுங்க" என்று கேட்டு, பார்த்த பிறகே ஏறினாராம்!

கிளினிக்கில் தலைகூடத் துவட்டாமல் ஒயரைச் சொருகி, பக்கத்தைத் திறந்து, அந்த வரியை அடிக்கு இழுத்துவிட்டு சேவ் செய்தார். எங்கள் திரையில் கரியாலூர் வந்தது.

முதலில் உட்கார்ந்தவள் ஒரு கர்ப்பிணி. முகமும் காலும் வீங்கியிருந்தன. நர்ஸ் பிரஷர் அளவைச் சொன்னதும் டாக்டர் எழுந்தேவிட்டார். "ஒரு நிமிஷம் தாமதிக்கக்கூடாது, கீழ கூட்டியாங்க!" பூட்டு சார் ஓடிப்போய் அதே லாரியை மறித்து அவளை ஏற்றினார்.

அந்த வாரமே அவளுக்குப் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். பூட்டு சார் தும்மிக்கொண்டே வார்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "கிட்ட வாங்க சார்" என்று அந்தப் பெண்தான் கூப்பிட்டாள். முகத்தில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு போய் மெல்ல ஒரு விரலை நீட்டினார். குழந்தை கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

"வுட மாட்டேங்குதுங்க" என்று என்னிடம் கிசுகிசுத்தார்.

அது தூங்கும்வரை விரலை உருவாமலே நின்றார். அவரை எனக்குப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.